வண்டிக்கும் ஒரு நிலை வேண்டும்

இந்த முறை கோவில் இல்லை, பழைய சினிமா இல்லை, அரசியலும் இல்லை. வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் விஷயம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள், கடந்த சில வருடங்களில் தங்கள் தெருவில் நடந்த சண்டைகளை விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும். ஒரு காலத்தில் குழாயடியில் நடந்த சண்டை எல்லாம் இப்போது வண்டியடிக்கு வந்துவிட்டது.

1980-களில் நாங்கள் குரோம்பேட்டைப் பக்கம் மனை வாங்கியபோது, தெருவுக்கு ஒரு அம்பாசடரோ பியட்டோ இருந்தால் அதிகம். மற்றவர்களிடம் சைக்கிள், கொஞ்சம் வசதி என்றால் ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரைக்கூட ராத்திரி மூன்று படி ஏற்றி நடைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். வண்டி வீட்டுக்குள் தூங்கும். தெரு காலியாகக் கிடக்கும். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போட்டார்கள்.

இன்றும் அதே தெரு, அதே அகலம். ஆனால் ஒரு வீடு இருந்த மனையில் இப்போது ஆறு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு கார், இரண்டு டூவீலர். கீழ்த்தளத்தில் கார் நிறுத்தக் காட்டிய இடத்தில் சில கட்டிடங்களில் டெய்லர் கடை வந்துவிட்டது, சிலவற்றில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. ஆகக் கார் எங்கே போகும்? தெருவுக்குத்தான் வரும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்திரத்தில் தெரு 20 அடி. இரண்டு பக்கமும் வீட்டுக்காரர்கள் போட்ட சரிவுகள், மின்கம்பம், செடித் தொட்டி எல்லாம் போக மிஞ்சுவது 16 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கார் ஏறக்குறைய 5¾ அடி அகலம். இன்னோவா மாதிரி என்றால் 6 அடி. எதிரெதிரே இரண்டு பெரிய கார் நின்றால் மிச்சம் 4 அடி. ஆட்டோவின் அகலமே 4 அடிக்குச் சற்று மேல். ஒரு பக்கம் கார், எதிரே டெம்போ டிராவலர் என்றால் நிலைமை இன்னும் மோசம். அந்த வேன் கிட்டத்தட்ட 7 அடி. மிச்சம் 3 அடிதான். நம் 108 ஆம்புலன்ஸ்களில் பலவும் அதே வேனின் உருவம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் பக்கத்துத் தெருவில் நடந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதிகாலை மூன்று மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 108 சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் தெருவின் பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு பக்கம் டெம்போ டிராவலர், எதிரே கவர் போட்டு மூடிய ஒரு கார். ஹாரன் அடித்தார்கள், கதவைத் தட்டினார்கள். வேன் யாருடையது என்று தெரியும். எந்த மாடியில் குடியிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து, வேகத்தடையில் இரண்டு பேர் தூக்கி இறக்கி, அவரை வண்டியில் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்த அம்மாவுக்குத்தான் அந்தச் சில நிமிடங்கள் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

காலையில் தெருவே வேன்காரரைச் சூழ்ந்துகொண்டது. அவர் திருப்பதிக்கும் வேளாங்கண்ணிக்கும் சவாரி ஓட்டிப் பிழைக்கிறவர். "ஒரு போன் பண்ணியிருந்தா லுங்கியோட ஓடி வந்திருப்பேனே அங்கிள், என் நம்பர் ஒருத்தர்கிட்டகூட இல்லையா?" என்று அவர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. எதிரே கவர் போட்டு நின்ற காரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அதன் சொந்தக்காரர் வெளிநாட்டில். எட்டு மாதமாக அது அங்கேயே நிற்கிறது. டயரில் காற்று இல்லை, அடியில் குப்பை, எலி குடித்தனம்.

என் கணக்கில் அன்று வழி மறித்தது அந்தக் கார்தான். 16 அடியில் வேனுக்கு 7 போனால் 9 அடி மிஞ்சுகிறது. ஆம்புலன்ஸ் தாராளமாகப் போயிருக்கும். பெரிய வண்டி என்பதால் எல்லோர் கண்ணும் வேன் மேல் விழுந்தது. தினமும் ஓடிச் சம்பாதித்துக் கொடுக்கும் வண்டி, ராத்திரி எட்டு மணி நேரம் நிற்கிறது. ஓடாத வண்டி, வருஷம் முழுக்கத் தெருவை வாடகையில்லாமல் அனுபவிக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

அதற்காக வேன்காரர் செய்தது சரி என்று சொல்லவில்லை. காரைவிடப் பெரிய வண்டி வைத்திருப்பவருக்குக் காரைவிடப் பெரிய பொறுப்பு உண்டு. நான் சொல்வது, பிழைப்புக்கான வண்டி என்றால் தெருவும் சேர்ந்து அதற்கு ஒரு வழி யோசிக்கலாம் என்பதுதான். குட்டி யானை ஓட்டுகிறவரை "இங்கே நிறுத்தாதே" என்று விரட்டிவிட்டு, அடுத்த வாரம் வீடு மாற்ற அவரையே கூப்பிடுகிறோமே!

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வந்தவர்களுக்கு இன்னொரு காட்சி தெரிந்திருக்கும். டெக்சாஸ் மாதிரி இடங்களில், வாசலிலேயே மோட்டார் படகை டிரெய்லரில் ஏற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. வீடு மாதிரியே இருக்கும் பெரிய ஆர்.வி. வண்டிகளும் உண்டு. அங்கே பல குடியிருப்புகளில் வீட்டுக்காரர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. ஹெச்.ஓ.ஏ. என்பார்கள். படகு, டிரெய்லர், ஆர்.வி. எதுவும் தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று பல சங்கங்களில் விதி. மீறினால் முதலில் கடிதம், பிறகு அபராதம். அவர்கள் தெருக்களின் அகலத்துக்கு நான்கு படகு நின்றாலும் ஆம்புலன்ஸ் போகும். அங்கே பிரச்சினை பெரும்பாலும் பார்வைக்கு அழகாக இல்லை, வீட்டின் விலை குறைந்துவிடும் என்பதுதான். சொந்த மனைக்குள் நிறுத்தியதற்கே கடிதம் போடுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டி வாங்கும் முன்பே அதை எங்கே வைப்பது என்று அவர்கள் யோசித்தாக வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் இதையே சட்டமாக்கிவிட்டார்கள். 1962-இல் வந்த சட்டம். கார் பதிவு செய்ய வேண்டுமென்றால், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியையோ டிரெய்லரையோ விட்டுவைக்கக் கூடாது என்கிறது. 127-வது பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை அகற்றச் சொல்லப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. என் வீட்டுக்கு எதிரில்தானே நிறுத்தினேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. பட்டாவில் இருப்பது மதில் வரைக்கும்தான். அதற்கு அந்தப் பக்கம் ஒரு அங்குலம்கூட நமதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எத்தனை பேர் போலீசுக்குப் போவோம்? நாளைக்குச் சர்க்கரை தீர்ந்தால் அங்கேதானே டம்ளரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் சட்டத்தை விட மரியாதைதான் இங்கே வேலைக்கு ஆகும்.

அந்த மரியாதை நமக்குப் புதிதும் இல்லை. ஊரிலேயே பெரிய வண்டி எது? தேர். திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய தேருக்கும் நிற்க ஓர் இடம் வகுத்து, அதற்கு 'நிலை' என்று பெயரும் வைத்தார்கள். நாலு வீதியும் சுற்றி வந்தபின் நிலைக்கு வந்தால்தான் திருவிழா முடிந்ததாகக் கணக்கு. சாமியே ஏறி வந்த வண்டியாக இருந்தாலும், யார் வீட்டு வாசலிலாவது வருஷம் முழுக்க நிற்கட்டும் என்று விடவில்லை. கிராமத்தில் மாட்டு வண்டியையும் அப்படித்தான், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டியைக் களத்திலோ தொழுவத்தின் ஓரத்திலோ தள்ளி வைப்பார்கள். சந்தைக்கு வரும் வண்டிகளுக்கு வண்டிப்பேட்டை தனியாக இருந்தது.

சரி, என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலாவது, தெருவில் நிற்கும் ஒவ்வொரு வண்டியின் முன் கண்ணாடியிலும் போன் நம்பர் இருக்க வேண்டும். நம்மைப் போன்றவர்கள் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக. ராத்திரி போனை சைலண்டில் போடாமல் இருப்பதும் இதில் சேர்த்தி.

இரண்டாவது, ஒரே வரிசையில் மட்டும் நிறுத்துவது. ஒற்றை மாதம் கிழக்கு வரிசை, இரட்டை மாதம் மேற்கு வரிசை என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. தெரு முனையில் இரண்டு கார் நீளம் காலியாக விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் லாரியோ தீயணைப்பு வண்டியோ திரும்பவே முடியாது.

மூன்றாவது, ஒரு வாரத்துக்கு மேல் ஓடாத வண்டி தெருவில் இருக்கக் கூடாது. வெளியூர் போகிறவர் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். பாதாளச் சாக்கடை மூடி மேல் வண்டி நின்றால், அடைப்பு எடுக்க வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். நாற்றம் தெருவுக்கே பொது.

நான்காவது, வேன், லாரி, பஸ் வைத்திருப்பவர்கள் மாத வாடகைக்கு ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். காலி மனைக்காரர், கல்யாண மண்டபம் என்று கேட்டுப் பார்த்தால் கிடைக்கும். தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் கூடப் போய்ப் பேசினால் வாடகையும் குறையும். அதிகாலை நாலு மணி சவாரிக்கு வண்டியை எடுப்பவர், அரை மணி நேரம் இன்ஜினை உறுமவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டும் போட வேண்டாம்.

ஐந்தாவது வீட்டுக்காரர்களுக்கு. வாசலில் பாறாங்கல், சிமெண்ட் தொட்டி, சங்கிலி, 'டயர் பஞ்சர் செய்யப்படும்' என்ற போர்டு, இதெல்லாம் வண்டி நிறுத்துவதைவிட மோசமான ஆக்கிரமிப்பு. வண்டியையாவது நகர்த்தலாம். கோபத்தில் அடுத்தவர் காரில் ஆணியால் கோடு போடுவது பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

இந்த விதிகளுக்கெல்லாம் விலக்கும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் தெருவுக்குள் படகே வந்தது. அன்று அதைத் தடுக்க யாருக்கு மனம் வரும்? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம், காரியம் என்றால் இரண்டு நாள் வண்டிகள் நிற்கத்தான் செய்யும். விட்டுக்கொடுப்பதும் மரியாதையில் பாதி.

இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது? நாம்தான். பிள்ளைகளுக்கு நேரமில்லை, ஆபீஸ் முடிந்து வந்து கிடைத்த இடத்தில் நிறுத்திவிட்டு மாடியேறிவிடுகிறார்கள். தெருவில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை நமக்குத்தான் மிச்சம் இருக்கிறது. அதோடு ஒரு சுயநலமும் உண்டு. அடுத்து ஸ்ட்ரெச்சரில் போகப் போகிற வயசு நம்முடையதுதானே!

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்த கையோடு, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். எதிர்வீட்டுக்காரரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். நிற்கிற வண்டிகளுக்கு நடுவே எத்தனை அடி மிச்சம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். 8 அடிக்குக் குறைந்தால், அன்று சாயங்காலமே நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். சண்டை வேண்டாம். அளந்த நம்பரை மட்டும் சொன்னால் போதும்.