சீராக வந்த ஃபிரிட்ஜும் நம் வீண்விரயமும்



சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு, நம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் குளிர்சாதனப் பெட்டி ஒன்று காயலான் கடைக்காரரின் வண்டிக்காகக் காத்து நின்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டு மருமகள் நிக்காஹ் முடிந்து வந்தபோது சீராக வந்த பெட்டி அது. "குளிரே இல்லை ஹஜ்ரத், அதன் ஆயுள் முடிந்துவிட்டது" என்றார் வீட்டுக்காரர். புதிய பெட்டி தவணையில் ஏற்கெனவே உள்ளே வந்து இறங்கியிருந்தது.

பழையதைக் காயலான் கடையிலிருந்து வாங்கிச் சென்றவர், நம் மத்ரஸாவில் ஓதி முடித்து இப்போது பழுதுபார்க்கும் கடை நடத்தும் ஓர் இளைஞர். பத்து நாட்கள் கழித்து அவர் கடைக்குச் சென்றபோது அதே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்தீர் தம்பி என்று வினவினோம். "பெரிய வேலை ஒன்றும் இல்லை ஹஜ்ரத். பின்னால் இருக்கும் கம்பி வலையில் கம்பளி போலத் தூசி. அதைத் துடைத்தேன். ரிலே ஒன்று கருகியிருந்தது, மாற்றினேன். கதவு ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். எல்லாம் சில நூறு ரூபாய்தான்" என்றார். அப்பெட்டியை வாங்குவதற்காக மணமகளின் தந்தை அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லை என்பதை நாம் அறிவோம்.

ஒரு வீட்டின் குறையை அம்பலப்படுத்த இதை எழுதவில்லை. இது எல்லா வீட்டிலும் நடப்பது. மிக்ஸி நின்றால் புதிய மிக்ஸி, ஃபேன் மெதுவாகச் சுற்றினால் புதிய ஃபேன், கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை என்றால் புதிய கைப்பேசி. 'பழுதானால் வாங்கிக்கொள்ளலாம்' என்பது நம் குடும்பங்களில் ஒரு கொள்கையாகவே நிலைத்துவிட்டது. அந்தக் கொள்கை மார்க்கத்துக்கு முரணானது என்றே சொல்ல வருகிறோம்.

வீண்விரயம் என்றதும் நமக்கு இரண்டே காட்சிகள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று உளூச் செய்யும்போது திறந்து கிடக்கும் குழாய்; மற்றொன்று வலீமா விருந்தில் குப்பைக்குப் போகும் பிரியாணி. இரண்டும் கண்டிக்கத்தக்கவையே. ஆனால் மார்க்கம் அத்துடன் நிற்கவில்லை. அல்லாஹ் வெறுக்கும் காரியங்களில் ஒன்றாகச் செல்வத்தைப் பாழாக்குவதை நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருப்பதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். தண்ணீர், சோறு என்று அங்கே வரையறை செய்யப்படவில்லை. திருக்குர்ஆன் 17ஆம் அத்தியாயம் 27ஆம் வசனத்தில் வீண்விரயம் செய்வோர் யாருடைய சகோதரர்கள் எனப்படுகிறார்கள் என்பதை நம் மத்ரஸாச் சிறுவனும் அறிவான்.

செத்த ஆட்டின் செய்தியையும் இங்கே நினைவூட்டுகிறோம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபியவர்கள், அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அது தானாகச் செத்தது என்று பதில் வந்தபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். செத்த ஆட்டின் தோலைக்கூட வீணாக்க விடாத மார்க்கத்தில் இருந்துகொண்டு, உயிருள்ள ஃபிரிட்ஜைத் தூசிக்குப் பலி கொடுக்கிறோம்.

"இதெல்லாம் துன்யாவின் விஷயம், பயானில் பேசத்தக்கதா?" என்று சிலர் கேட்பர். அவர்களில் ஆலிம்களும் உண்டு. நாமும் சில ஆண்டுகள் முன்புவரை அப்படித்தான் எண்ணியிருந்தோம். நாம் அடிக்கடி தொழும் ஒரு பள்ளிவாசலில் ஏசியிலிருந்து முஸல்லாவின் மீது தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியின் அருகில் அமர்ந்துதான் இஸ்ராஃப் பற்றிய ஜும்ஆ பயானைக் கேட்டோம். பிறகு திறந்து பார்த்தால் ஃபில்டரில் அடை அடையாகத் தூசி. காற்று உள்ளே போக வழியில்லாதபோது குளிர்க் குழாய்களில் பனி உறைந்து, பின் உருகி வழிகிறது. கருவி அதிக நேரம் ஓடி மின்கட்டணத்தை ஏற்றுகிறது. கோடைக்காலத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை அந்த ஃபில்டரைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டினால் போதும். அதற்கு மெக்கானிக் வேண்டாம். வக்ஃபுச் சொத்து அமானத் என்று பேசும் நாம் அந்த அமானத்தின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்ததில்லை.

தூய்மை ஈமானின் பாதி என்பதை நம் வீட்டுச் சுவர்களில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறோம். அதே வீட்டில் ஃபிரிட்ஜின் பின்புறம், கம்ப்ரசருக்கு மேலே, தண்ணீர் சேரும் சிறு தட்டு ஒன்று உண்டு. எத்தனை பேர் அதைக் கண்டிருப்போம்? டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல நீரில் முட்டையிடுவது. அத்தட்டு அதற்கு ஏற்ற இடம். சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அவர்கள் பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்கிறோம். வாரம் ஒருமுறை அத்தட்டைக் கவிழ்த்துத் துடைப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

ஃபிரிட்ஜைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் அதன் வெப்பம் வெளியேற இடமில்லை. ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கதவு ரப்பரில் எண்ணெயும் மாவும் படிந்தால் கதவு சரியாக ஒட்டாது. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், தடையின்றி வந்தால் குளிர் அவ்வழியே போகிறது என்று பொருள். எல்லாவற்றிலும் கொடியது, ஃப்ரீசரில் உறைந்த பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பது. பனிக்கு அடியில் இருப்பது மெல்லிய குழாய். அது துளைபட்டால் வாயு முழுவதும் போய்விடும். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் எளிதில் தீப்பற்றும் வாயு இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால் பனி தானே உருகும். அதற்குப் பொறுமை வேண்டும். பொறுமையைப் பற்றியும் நாம் நிறையவே பயான் கேட்டிருக்கிறோம்.

மிக்ஸியின் கதை இன்னும் எளியது. ரமளானில் வடைக்கும் சட்னிக்கும் அரைத்து அரைத்துத் திடீரென்று நின்றுவிடும். 'மோட்டார் போய்விட்டது' என்று தீர்ப்பு எழுதப்படும். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் ஒரு சிறு பட்டன் உண்டு. மோட்டாருக்கு அளவுமீறிப் பளு ஏறும்போது அது தானாக வெளியே தள்ளி மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆற விட்டு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும். ஃபேன் மெதுவானால் பெரும்பாலும் கண்டன்சர்தான் காரணம். அதன் விலை சொற்பம். கைப்பேசியில் சார்ஜ் ஏறாததற்குச் சட்டைப்பையின் பஞ்சு துளையில் அடைத்திருப்பது காரணமாக இருக்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் மெல்ல எடுத்தால் போதும், ஊசி கூடாது. போர் தண்ணீர் வரும் ஊர்களில் வாஷிங் மெஷினிலும் கீசரிலும் உப்புப் படிவதை எல்லோரும் அறிவோம், அறிந்தும் விட்டுவிடுகிறோம்.

"பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது ஆண்களின் அடுத்த வாதம். சஹருக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை மத்ரஸாவுக்கு அனுப்பி, இஃப்தாருக்கும் நின்றுகொண்டே இருப்பவர், ஃபிரிட்ஜையும் தனியே நகர்த்தித் துடைக்க வேண்டுமாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். தாடியின் நீளத்தில் சுன்னத்தைத் தேடுகிறவர்கள், செருப்பைத் தைத்த அந்தக் கைகளிலும் சுன்னத்தைத் தேடலாமே.

தீயின் விஷயத்தில் நாம் மிகவும் அஞ்சுகிறோம். மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்தபோது, நெருப்பு உங்கள் எதிரி, உறங்கும்போது அணைத்துவிடுங்கள் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடும் என்றும் சொன்னார்கள். நம் வீட்டில் திரிவிளக்கு இல்லை. தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறும் கைப்பேசி இருக்கிறது. ஒரே பிளக்கில் மூன்று கருவிகளும், கறுத்துப்போன சுவிட்சுப் பெட்டியும் இருக்கின்றன. வீட்டுக் கதவைத் தாழிட்டுத் துஆ ஓதிப் படுக்கும் தாய்மார்கள், கருகல் வாடை வரும் பிளக்கைப் பார்த்தும் 'நாளை பார்க்கலாம்' என்று படுத்துவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கையைத் திரிவிளக்கோடு நிறுத்திக்கொள்ள நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். துடைப்பது, கழுவுவது, பிளக்கைப் பிடுங்குவது நம் வேலை. மைக்ரோவேவ் அடுப்பைத் திறப்பது நம் வேலை அன்று. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும். மருத்துவம் அறியாதவன் வைத்தியம் செய்தால் நேரும் சேதத்துக்கு அவனே பொறுப்பு என்ற ஹதீஸ் இதற்கும் பொருந்தும். இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவோருக்கும் சேர்த்தே சொல்கிறோம். அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.

தூக்கி எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதையும் நாம் கேட்பதில்லை. மின்னணுக் கழிவுக்கென 2022இல் இயற்றப்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை சேர வேண்டும் என்பது சட்டம். ஆனால் வயர்களைக் குவித்து எரித்துச் செம்பு எடுக்கும் இடங்கள் இன்னமும் இருக்கின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் ஏழை. நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம்.

மீண்டும் அந்தச் சீர்ப் பெட்டிக்கு வருவோம். சீர் வாங்குவது கூடுமா என்பதைப் பலமுறை பேசிவிட்டோம். கேளாமல் வாங்கியவர், வாங்கியதைப் பேணவும் இல்லை என்பதுதான் இன்றைய பேச்சு. தன் வியர்வையில் வாங்கிய பொருளானால் துடைத்திருப்பார். மாமனாரின் கடனில் வந்தது. ஆகவே நான்கு ஆண்டுகளில் போய்விட்டது. பெருநாளன்று மகளைக் காண அந்தத் தந்தை வந்தபோது நாமும் அவ்வீட்டில் விருந்துக்கு இருந்தோம். புதிய பெட்டியை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் பேரனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த மெக்கானிக் தம்பி, ஷஅபான் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மத்ரஸாவுக்கு வந்து, பெரிய பிள்ளைகளுக்குக் கருவிகளைத் துடைக்கவும் பேணவும் சொல்லித்தர இசைந்திருக்கிறார். குர்ஆன் ஓதும் இடத்தில் மெக்கானிக் வேலையா என்று நிர்வாகத்தில் சிலர் ஆட்சேபித்திருப்பதாக அறிகிறோம். அவர்களும் வரலாம். வரும்போது வீட்டில் நின்றுபோன மிக்ஸியை எடுத்து வரட்டும்.