மருத்துவக் கஞ்சா வளர்ப்போரும் அரசுப் பதிவேடும்: கனடா நோயாளர் எதிர்கொள்ளும் கேள்வி

கனடாவில் நோயின் பொருட்டுக் கஞ்சாச் செடியை வீட்டில் வளர்க்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கென மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவிடம் பெயர், பிறந்த தேதி, வசிப்பிடம், செடிகள் வளரும் இடத்தின் முகவரி ஆகியவற்றை அளித்துப் பதிவு பெற வேண்டும். பதிவு பெற்றவருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கிறது. அதே வேளையில், அவர் நோயாளி என்பதும், அவர் வீட்டில் கஞ்சா வளர்கிறது என்பதும் ஓர் அரசு அலுவலகத்தின் கோப்பில் ஏறிவிடுகின்றன. பதிவு செய்யலாமா, பெயரை வெளியிடாமல் இருக்கலாமா என்னும் தயக்கம் அங்குள்ள நோயாளரிடையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. கனடாவில் உறவினர் உள்ள தமிழ்க் குடும்பங்களும் இக்கேள்வியை மருத்துவரிடம் எழுப்புவதால், அதன் சட்டப் பக்கத்தையும் மருத்துவப் பக்கத்தையும் இங்கு விளக்குகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி, தனிநபர் ஒருவர் தம் நோய்க்கென வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்க அனுமதி இல்லை. மீறுவோருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். இனி வரும் செய்திகள் கனடாவைப் பற்றியவை. இங்கு பின்பற்றத்தக்க வழிமுறைகள் அல்ல.

பதிவேடு தோன்றிய வரலாறு

வலிப்பு நோயால் அவதியுற்ற டெரன்ஸ் பார்க்கர் என்பவரின் வழக்கில், 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. மருத்துவத் தேவை உள்ளோருக்கு விலக்களிக்காத கஞ்சாத் தடை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்பதே அத்தீர்ப்பு. அதனைத் தொடர்ந்து 2001-இல் முதல் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. நோயாளர் தாமே வளர்க்கவும், தமக்காக வேறொருவரை வளர்க்கச் செய்யவும் உரிமம் பெற்றனர். 2013-இல் அரசு வீட்டு வளர்ப்பை முடிவுக்குக் கொண்டுவந்து, உரிமம் பெற்ற நிறுவனங்களிடமிருந்து மட்டுமே கஞ்சா வாங்க வேண்டும் என்று விதிகளை மாற்ற முற்பட்டது. நோயாளர் நீதிமன்றத்தை நாடினர். 2016 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, அதே ஆண்டு ஆகஸ்டில் வீட்டு வளர்ப்புக்குப் புதிய விதிகள் வந்தன. 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த கஞ்சாச் சட்டத்திலும் இவ்வுரிமை தொடர்கிறது.

அதாவது, வளர்க்கும் உரிமையை நோயாளர் பெற்றதும் காத்துக்கொண்டதும் நீதிமன்றத்தின் வழியே. அரசின் படிவத்தை அவர்கள் சற்று ஐயத்துடன் நோக்குவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

உறையின் மேல் அச்சிட்ட பெயர்

அந்த ஐயத்தை உறுதிப்படுத்திய நிகழ்வு 2013 நவம்பரில் நடந்தது. விதிமாற்றத்தை அறிவிக்கும் கடிதங்களை ஹெல்த் கனடா 40,000-க்கும் மேற்பட்டோருக்கு அஞ்சலில் அனுப்பியது. முன்னர் இல்லாத வகையில், உறையின் மேல் பெறுநரின் பெயருடன் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தின் பெயரும் வெளிப்படையாகத் தெரிந்தது. அஞ்சல்காரர், பக்கத்து வீட்டார், அடுக்ககத்தின் பொது அஞ்சல் பெட்டியருகே நிற்பவர் என எவரும் அதைப் படித்திருக்கலாம். வேலை பறிபோகுமோ, வீட்டில் திருடர் புகுவரோ என்று பலர் அஞ்சினர். துறை அதனை நிர்வாகப் பிழை எனக் கூறி வருத்தம் தெரிவித்தது. நாட்டின் தனியுரிமை ஆணையர் அலுவலகம் விசாரணை நடத்தி, தனியுரிமைச் சட்டம் மீறப்பட்டது என 2015-இல் முடிவு செய்தது. பாதிக்கப்பட்டோர் சார்பில் தொடரப்பட்ட வழக்கில் முன்னின்றவர்கள்கூடப் புனைபெயரிலேயே நீதிமன்றத்தில் தோன்றினர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயாளர் அஞ்சியது காவல் துறைச் சோதனைக்கு. தீங்கு வந்ததோ ஒரு கடித உறையின் வழியே. யாரும் பதிவேட்டைத் திருடவில்லை, யாரும் அதை விற்கவில்லை. பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தால், அதைக் கையாளும் அன்றாட அலுவலக வேலையிலேயே அது கசியக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஒரு நோக்கத்துக்குத் தொகுத்த பட்டியல் வேறு நோக்கத்துக்குப் பயன்படுவது மற்றோர் அபாயம். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், 2017-இல் ஹொனலூலு காவல் துறை, மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருந்த சுமார் 30 பேருக்குத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு கடிதம் அனுப்பியது. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்நடவடிக்கை கைவிடப்பட்டது.

கனடாவில் பதிவுத் தகவல் பொதுமக்களுக்கு வெளியிடப்படுவதில்லை. விசாரணை ஒன்றின் பொருட்டுக் காவல் துறை கேட்டால் மட்டும், குறிப்பிட்ட நபர் பதிவு பெற்றவரா, எத்தனை செடிகளுக்கு அனுமதி உள்ளது என்பன தெரிவிக்கப்படும். இது நோயாளருக்கு எதிரானது என்று மட்டும் கருதலாகாது. இரவில் கதவைத் தட்டும் காவலருக்கு, செடிகள் சட்டப்படி வளர்கின்றன என்பதை உறுதிப்படுத்துவதும் இதே பதிவுதான்.

நான்கு செடிகளும் அதற்கு மேலும்

2018-க்குப் பின் நிலைமை ஓரளவு மாறியது. இப்போது வயதுவந்த எவரும், பதிவின்றியே, ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்க மத்தியச் சட்டம் இடமளிக்கிறது. வீட்டில் எத்தனை பேர் இருப்பினும் நான்கே. அதற்கு மேல் பதிவின்றி வளர்ப்பது குற்றம். உச்ச தண்டனை 14 ஆண்டுச் சிறை. கியூபெக் மாகாணமோ அந்த நான்கையும் தடைசெய்துள்ளது. அத்தடை செல்லும் என 2023 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே கியூபெக்கில் வாழும் நோயாளருக்கு வளர்ப்பதென்றால் பதிவைத் தவிர வேறு வழியில்லை.

மற்ற இடங்களில் முடிவு பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. பதிவு பெறுவோருக்கு, மருத்துவர் எழுதித் தரும் அன்றாடக் கிராம் அளவைக் கொண்டு செடிகளின் எண்ணிக்கை கணக்கிடப்படுகிறது. நாளொன்றுக்கு ஒரு கிராம் என்றால் வீட்டுக்குள் 5 செடிகள், வெளியில் 2 செடிகள். உள்ளே வளரும் செடி ஒன்று ஓர் அறுவடைக்கு 30 கிராம் தரும், ஆண்டுக்கு மூன்று அறுவடை என்பது அக்கணக்கின் அடிப்படை. அதன்படி நான்கு செடிகள் ஆண்டுக்கு 360 கிராம் தரும். ஒரு கிராம் பயன்படுத்துவோரின் ஆண்டுத் தேவை 365 கிராம். சேதாரத்தைச் சேர்த்தால் சற்றுக் குறையும், அவ்வளவே. ஆகவே குறைந்த அளவு பயன்படுத்தும் முதியவர் ஒருவர் தம் முகவரியைப் பதிவேட்டில் ஏற்றாமலே சட்டத்துக்கு உட்பட்டு வாழ இயலும். நாளொன்றுக்கு மூன்று கிராம் தேவைப்படுபவருக்கு உள்ளே 15 செடிகள் வேண்டும். அவர் பதிவைத் தவிர்ப்பது மிகப் பெரிய சட்ட அபாயம்.

பதிவை நாடுவோர் அறிய வேண்டிய சில விவரங்கள்: மருத்துவச் சான்று அதிகபட்சம் ஓராண்டுக்கே செல்லும், பின்னர் புதுப்பிக்க வேண்டும். நோயாளருக்காக மற்றொருவர் வளர்ப்பதாயின், அவர் தம் குற்றப் பின்னணிச் சான்றையும் அளிக்க வேண்டும். தாம் வசிக்காத, தமக்குச் சொந்தமும் அல்லாத இடத்தில் வளர்க்க விரும்பினால் இட உரிமையாளரின் எழுத்துபூர்வ இசைவு தேவை. ஆக, அரசைத் தவிர வேறு சிலரும் செய்தியை அறிகின்றனர். எங்கு வளர்ப்பது, யாரைக் கொண்டு வளர்ப்பது என்பதைத் தீர்மானிக்கும்போதே இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அரசின் பக்கமும் வெறும் பிடிவாதம் அன்று. வீட்டு வளர்ப்புக்குப் பதிவு பெற்றோருக்கு எழுதப்படும் சராசரி அன்றாட அளவு 2020 வாக்கில் 30 கிராமுக்கு மேல் உயர்ந்திருந்தது. நிறுவனங்களிடம் வாங்குவோருக்கு அது ஏறத்தாழ 2 கிராமே. இவ்வளவு பெரிய வேறுபாட்டை மருத்துவத்தால் மட்டும் விளக்க இயலாது. சில பதிவுகள் கள்ளச் சந்தைக்குப் பயன்பட்டன என்னும் குற்றச்சாட்டு அங்கிருந்து எழுகிறது. அதன் விளைவாக வரும் கூடுதல் கண்காணிப்பை நேர்மையான நோயாளரும் சுமக்க நேர்கிறது.

மருத்துவரிடம் மறைக்கலாமா?

அரசிடம் பதிவு செய்வதும் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் சொல்வதும் வேறு வேறு முடிவுகள். முதலாவதைத் தவிர்ப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். இரண்டாவதைத் தவிர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மருத்துவருக்குத் தொழில் இரகசியம் காக்கும் கடமை உண்டு. ஆனால் அச்சத்தால் வாய் மூடும் நோயாளர் இரண்டையும் ஒன்றாகவே கருதிவிடுகின்றனர்.

மறைப்பதன் விலை சிறிதன்று. கஞ்சாவில் உள்ள சி.பி.டி. என்னும் பொருள் வார்ஃபரின் மருந்தின் செயலை மிகுவித்து இரத்தக் கசிவுக்கு வழி வகுக்கலாம். வலிப்புக்குத் தரப்படும் குளோபசாமின் விளைபொருள் இரத்தத்தில் உயர்ந்து அளவுமீறிய தூக்கத்தை உண்டாக்கும். ஓபியாய்டு வலி நிவாரணிகளுடன் சேர்ந்தால் மயக்கம் கூடும். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்கள் டி.எச்.சி. மிகுந்த வகைகளைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றோர் முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

வீட்டில் வளர்த்ததற்கே உரிய சிக்கல் வேறு. ஆய்வகச் சோதனை இல்லாததால் ஒவ்வோர் அறுவடையிலும் வீரியம் மாறுபடும். ஈரம் காயாத பூக்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் வளரும். கீமோதெரபி பெறுவோருக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டோருக்கும் இப்பூஞ்சை நுரையீரலில் உயிருக்கு ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடும். இவற்றைச் சொல்ல மருத்துவருக்குச் செடியின் முகவரி தேவையில்லை. நீங்கள் என்ன உட்கொள்கிறீர்கள் என்பது தெரிந்தால் போதும்.

கனடாவிலிருந்து திரும்புவோருக்கு

கனடாவில் பதிவு பெற்றிருப்பினும், கஞ்சாவையோ சி.பி.டி. எண்ணெயையோ அந்நாட்டு எல்லைக்கு வெளியே எடுத்துச் செல்வது அங்கும் குற்றமே. உறவினர் அன்பளிப்பாகத் தந்தாலும் பயணப் பையில் வைக்க வேண்டாம். அங்கு தங்கிய காலத்தில் இதனைப் பயன்படுத்தியிருந்தால், ஊர் திரும்பியதும் உங்கள் மருத்துவரிடம் எந்த வகை, எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதைத் தெரிவியுங்கள். வார்ஃபரின் உட்கொள்பவராயின், சி.பி.டி. நிறுத்திய பின் ஐ.என்.ஆர். அளவு மாறக்கூடும், திரும்பிய முதல் வாரத்திலேயே அச்சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.