பிஎஃப் இருப்புத் தொகை: பாஸ்புக்கில் தெரியாத கணக்கு

உப்பல் (ஹைதராபாத்): உப்பல் தொழிற்பேட்டையின் ஆலைத் தொழிலாளியானாலும் அலுவலக ஊழியரானாலும், பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தவுடன் பார்ப்பது இருப்புத் தொகையைத்தான். ஓய்வுக்கால வசதியைப் பலரும் அந்த ஓர் எண்ணைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். ஆனால், அது உண்மையான சொத்து மதிப்பைச் சில இடங்களில் குறைத்தும், சில இடங்களில் கூட்டியும் காட்டுகிறது.

2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட ஊதிய உச்சவரம்பான ரூ.15,000-ஐ எடுத்துக்கொண்டால், தொழிலாளியின் 12 சதவீதப் பங்கு ரூ.1,800. நிறுவனமும் அதே தொகையைச் செலுத்துகிறது. எனினும், அதில் ரூ.1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்வதால், வைப்பு நிதியில் சேர்வது ரூ.550 மட்டுமே.

ஓய்வூதியப் பங்களிப்பு பாஸ்புக்கில் தனிப் பத்தியில் வட்டியின்றி இடம்பெறுகிறது. இதே விகிதத்தில் 33 ஆண்டுகள் செலுத்தினால் அந்தப் பத்தி காட்டுவது ரூ.4.95 லட்சம். ஆனால், கூடுதலாகக் கணக்கிடப்படும் 2 ஆண்டுகளையும் சேர்த்தால், 58 வயது முதல் மாதம் ரூ.7,500 வீதம் வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் உண்டு. செலுத்திய தொகை ஐந்தரை ஆண்டுகளிலேயே திரும்பிவிடும். இந்த உரிமையின் மதிப்பு இருப்புத் தொகையில் சேர்வதில்லை, பணிக்கொடையும் அவ்வாறே.

அதேவேளையில், இந்த ஓய்வூதியம் விலைவாசியுடன் சேர்ந்து உயர்வதில்லை. 2014-இல் ரூ.1,000 என அறிவிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் 2025 முடிந்தும் உயர்த்தப்படவில்லை. வைப்பு நிதிக்கு 2024-25-இல் 8.25 சதவீத வட்டி வழங்கப்பட்டது. ஆனால், ஆண்டுப் பணவீக்கம் 6 சதவீதமாக இருந்தால், 12 ஆண்டுகளுக்குப் பின் ரூ.10 லட்சத்தின் வாங்கும் சக்தி இன்றைய ரூ.5 லட்சத்துக்குச் சமமாகவே இருக்கும்.

வீடு என்று வரும்போது கணக்கு முற்றிலும் மாறுகிறது. 2019-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கடன், முதலீட்டு ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களின் சொத்து மதிப்பில் சுமார் 87 சதவீதம் நிலமும் கட்டடமும்தான். வீடு கட்ட வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்தவரின் பாஸ்புக் வறுமையைக் காட்டும். வாடகை வீட்டில் வசித்தபடி ஒரு ரூபாயும் எடுக்காதவரின் பாஸ்புக் செழிப்பைக் காட்டும். 2017 நவம்பரில் நாகோல்-மியாப்பூர் மெட்ரோ ரயில் தொடங்கப்பட்ட பின், அத்தடத்திலுள்ள உப்பலில் மனை வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு நன்கு புரியும். அந்த வீட்டின் மீது இன்னும் கடன் பாக்கி இருந்தால், அதுவும் பாஸ்புக்கில் தெரியாது.