ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீன் அதிகமா? ரத்தக்குழாயில் என்ன நடக்கிறது?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் சர்க்கரை, கொழுப்பெல்லாம் தாண்டி, தடித்த எழுத்தில் 'ஹோமோசிஸ்டீன் 28' என்று இருக்கும். பக்கத்திலேயே '5 முதல் 15 வரை இயல்பு' என்ற குறிப்பு. கூகுளில் தேடினால் மாரடைப்பு, பக்கவாதம் என்றே வரும். அன்றைய தூக்கம் போச்சு.

இது வெளியிலிருந்து வரும் விஷமல்ல. முட்டை, மீன், பால், பருப்பு என எந்தப் புரதத்திலும் மெத்தியோனின் உண்டு. அதை உடல் பயன்படுத்தும்போது இடையில் உருவாவதுதான் ஹோமோசிஸ்டீன். பி12, ஃபோலிக் அமிலம், பி6 மூன்றும் போதுமான அளவில் இருந்தால் அது வேறு பொருளாக மாறிவிடும். குறைந்தால் ரத்தத்தில் தேங்கும்.

1969-ல் அமெரிக்க டாக்டர் கில்மர் மெக்கல்லி, இறந்துபோன இரண்டு குழந்தைகளின் ரத்தக்குழாய்களை ஆராய்ந்தார். ஒரு குழந்தைக்கு வயது 8, இன்னொன்று 2 மாதக் கைக்குழந்தை. இருவருக்கும் பிறவியிலேயே ஹோமோசிஸ்டீன் மிக அதிகம். குழாய்களோ முதியவர்களுடையதைப் போலத் தடித்திருந்தன. சந்தேகம் அங்கே தொடங்கியது.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் ரத்த ஓட்டம் கூடும். உடனே இந்தப் படலம் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை வெளியிட்டு, குழாயைத் தளர்த்தி விரிக்கும். ரத்தத்தட்டுகள் சுவரில் ஒட்டாமல் தடுப்பதும் இதே வாயுதான். ஹோமோசிஸ்டீன் கூடும்போது இந்த வாயு குறைகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அதிக அளவு மெத்தியோனின் கொடுத்து, சில மணி நேரம் கழித்துக் கையில் பி.பி. பட்டையை இறுக்கித் தளர்த்தி ஸ்கேனில் பார்த்தார்கள். குழாய் முன்புபோல் விரியவில்லை.

அப்படியானால் வைட்டமின் மாத்திரை போட்டால் மாரடைப்பைத் தடுத்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். 2006-ல் வெளியான 'ஹோப்-2' ஆய்வில் 5,522 பேர் பங்கேற்றனர். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம் மட்டும் ஓரளவு குறைந்தது. ஆகவே இந்த மாத்திரையை நம்பி பி.பி., கொழுப்பு மாத்திரைகளை நிறுத்துவது ஆபத்தான வேலை.

அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையும் வருடக்கணக்கில் எடுப்பவர்கள் ஆகியோருக்கு பி12 குறைவது சகஜம். கால் மரத்துப்போவது, மறதி, அசதி இருந்தால் பி12 அளவைப் பார்ப்பது அவசியம். சிறுநீரகம், தைராய்டு பிரச்னையாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். கடையில் ஃபோலிக் அமிலம் மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வது தவறு: ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், பி12 குறைவால் நரம்பு கெடுவது தொடரும்.

இன்னொன்று. எடுத்த ரத்தத்தை அப்படியே வெளியில் வைத்திருந்தால், சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அளவு கூடுதலாகக் காட்டும். மறுபரிசோதனைக்கு வெறும் வயிற்றில் நேரடியாக லேபுக்கே போய், ரத்தத்தை உடனே ஐஸில் வைத்துப் பிரிப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.