பார்க்கலாம்!

ஒரே ஒரு சொல். அதற்குள் பத்து அர்த்தம்!

"பார்க்கலாம்" என்று நாம் சொல்லாத நாள் இல்லை. வீட்டில் சொல்கிறோம். கடையில் சொல்கிறோம். அலுவலகத்தில் சொல்கிறோம். சண்டையிலும் சொல்கிறோம். சிரித்துக்கொண்டும் சொல்கிறோம்.

எழுதினால் ஒரே எழுத்துதான். ஆனால் ஒருவர் சொல்லும்போது "சரி" என்று பொருள். இன்னொருவர் சொல்லும்போது "முடியாது" என்று பொருள். மூன்றாமவர் சொல்லும்போது "உன்னை விடமாட்டேன்" என்று பொருள்!

இந்தச் சொல்லை நம்பிப் பிழைத்தவர்களும் உண்டு. நம்பிக் காத்திருந்து நொந்தவர்களும் உண்டு. ஆகவே இதைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

நேர்ப் பொருள்

முதலில் இதன் சொந்தப் பொருள். கண்ணால் பார்க்க முடியும் என்பதுதான் அது.

கன்னியாகுமரிக்குப் போனால், சித்திரா பௌர்ணமி அன்று மாலையில் ஓர் அதிசயம். ஒரு பக்கம் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். மறு பக்கம் சந்திரன் எழுவதையும் பார்க்கலாம்.

இங்கே குழப்பம் எதுவும் இல்லை. போனால் பார்க்கலாம். போகாவிட்டால் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

இரண்டாவது பொருள், அனுமதி. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிகிறது. வெளியே சொந்தக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. நர்ஸ் வந்து, "இப்போது நீங்கள் பார்க்கலாம்" என்கிறார். அந்த நேரத்தில் அதைவிட இனிமையான சொல் உலகத்தில் வேறு உண்டா?

கொஞ்சலும் மிரட்டலும்

தாத்தா பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கே, சிரி பார்க்கலாம்!" என்கிறார். இது கொஞ்சல்.

"ஆறாம் வாய்பாடு சொல்லு பார்க்கலாம்!" என்கிறார் ஆசிரியர். இது சோதனை.

"இந்த மூட்டையைத் தூக்கு பார்க்கலாம்!" என்கிறான் நண்பன். இது சவால்.

வரப்புத் தகராறில் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். பிரிந்து போகும்போது ஒருவர் திரும்பி நின்று, "பார்க்கலாம்! நீயா நானா பார்த்துவிடலாம்!" என்கிறார். இது மிரட்டல்.

மாலையில் டீக்கடையை விட்டுக் கிளம்பும் நண்பர், "வரட்டுமா? நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். இது விடைபெறுதல்.

இத்தனை வேறுபாட்டையும் காட்டுவது எது? சொல் அல்ல. குரல், முகம், கை அசைவு. இவைதான் பொருளைச் சொல்கின்றன. பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் இது புரிகிறது.

இதுவரை சொன்ன எந்தப் "பார்க்கலாம்" ஆலும் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. ஏனென்றால் சொல்கிறவர் நினைப்பதையே கேட்கிறவரும் நினைக்கிறார்.

தொல்லை எங்கே தொடங்குகிறது? ஒருவர் உதவி கேட்டு, மற்றவர் "பார்க்கலாம்" என்று பதில் சொல்லும்போதுதான்!

கேட்டவர் காதில் என்ன விழுகிறது?

மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். கட்டணம் கட்டப் பத்து நாள்தான் இருக்கிறது. கையில் பாதிப் பணம் இருக்கிறது. மீதிக்கு 20 ஆயிரம் ரூபாய் வேண்டும். தகப்பனார் தெரிந்தவர் ஒருவரிடம் போகிறார்.

"அண்ணே, ஒரு 20 ஆயிரம் கொடுத்து உதவணும். அறுப்பு முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன்."

"பார்க்கலாம் தம்பி."

கொடுக்கக் கூடாது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்றுதான் "பார்க்கலாம்" என்றார். அவர் மனத்தில் அது "இல்லை".

ஆனால் தம்பி காதில் அது "உண்டு" என்று விழுகிறது. பணம் வந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார். வேறு யாரிடமும் கேட்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகவில்லை. வங்கியில் கல்விக் கடன் பற்றி விசாரிக்கவில்லை. ஒன்பது நாள் போய்விட்டது.

பத்தாவது நாள் போய் நிற்கிறார். "அடடா! இப்போது கையில் இல்லையே தம்பி" என்கிறார் அண்ணன்.

இங்கே அண்ணன் பொய் சொன்னாரா? இல்லை. பணத்தைப் பறித்தாரா? இல்லை. ஆனால் ஒன்பது நாளைப் பறித்துவிட்டார்! ஒன்பது நாளில் வேறு வழி கிடைத்திருக்கும். 20 ஆயிரத்தைவிட அந்த ஒன்பது நாள் பெரிது அல்லவா?

பெண் பார்க்கும் வீடு

பெண் பார்க்க வருகிறார்கள். பஜ்ஜி, சொஜ்ஜி, காப்பி எல்லாம் முடிகிறது. எழுந்திருக்கும்போது, "பார்க்கலாம். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் தபால்காரரை எதிர்பார்த்தார்கள். இந்தக் காலத்தில் போனை எதிர்பார்க்கிறார்கள். காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

பெண் பிடிக்கவில்லை என்றால் அது அவர்கள் விருப்பம். அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பதில் சொல்லாமலே இருந்துவிடுவது நியாயமா? அந்த வீட்டில் ஒவ்வொரு முறை போன் மணி அடிக்கும்போதும், உள் அறையில் இருக்கும் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்? "ஜாதகம் பொருந்தவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றே மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பாள்.

இப்போது கைப்பேசியில் எழுதியே அனுப்புகிறோம். எழுதிய "பார்க்கலாம்" இன்னும் மோசம்! அதில் குரல் இல்லை. முகம் இல்லை. என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.

புலவர் கேட்ட நியாயம்

இது இன்றைய குறை அல்ல. சங்க காலத்திலேயே இதைப் பற்றி ஒரு புலவர் மன்னனிடம் நேருக்கு நேர் பேசியிருக்கிறார்.

புலவரின் பெயர் ஆவூர் மூலங்கிழார். மன்னன் பாண்டியன் நன்மாறன். புலவர் பரிசு பெற வந்தார். மன்னன் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நாளைக் கடத்திக்கொண்டே இருந்தான்.

புலவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு பாடிவிட்டார். அது புறநானூற்றில் 196-வது பாட்டு.

அதன் கருத்து இதுதான். கொடுக்க முடிந்ததை "முடியும்" என்று சொல்வது நல்லது. முடியாததை "இல்லை" என்று சொல்வதும் நல்லதே. இரண்டும் நட்புக்கு அடையாளம். முடியாததை "முடியும்" என்பதும், முடிந்ததை "இல்லை" என்பதும் கேட்டு வந்தவரை வாட்டும். கொடுப்பவரின் புகழையும் குறைக்கும்.

கடைசியில், உன் பிள்ளைகள் நோயில்லாமல் வாழட்டும் என்று மன்னனை வாழ்த்திவிட்டுப் புறப்பட்டார். வெயிலையும் பனியையும் பாராமல், வீட்டில் இருக்கும் மனைவியை நினைத்துக்கொண்டு நடந்தார்.

"இல்லை" என்று நேராகச் சொல்வதும் நட்புதான் என்றாரே, அதை நாம் மறக்கக் கூடாது. "இல்லை என்று சொன்னால் உறவு முறிந்துவிடும்" என்று நாம் பயப்படுகிறோம். புலவர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்!

எட்டு வகைப் பதில்

"முகத்தில் அடித்தாற்போல் 'இல்லை' என்று சொல்லலாமா? பண்பாடு என்று ஒன்று இல்லையா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. நம் மக்கள் "இல்லை" என்ற சொல்லுக்கே அஞ்சுகிறவர்கள். பல வீடுகளில் அரிசி தீர்ந்தால் "அரிசி இல்லை" என்று சொல்வதில்லை. "அரிசி நிறைந்துவிட்டது" என்பார்கள். வெளியே கிளம்பும்போது "போகிறேன்" என்பதில்லை. "போய் வருகிறேன்" என்கிறோம். இது நல்ல வழக்கம். இதை விட வேண்டியதில்லை.

சுற்றி வளைத்துப் பதில் சொல்வதையும் நம் இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், பதிலை எட்டு வகையாகப் பிரிக்கிறது.

"வழி எது?" என்றால் "இது" என்று காட்டுவது ஒன்று. "தண்ணீர் கொண்டு வருவாயா?" என்று கேட்டால், "மாட்டேன்" என்பது ஒன்று. "கொண்டு வருவேன்" என்பது ஒன்று. இந்த மூன்றும் நேர்ப் பதில்கள்.

மற்ற ஐந்தும் சுற்றிச் சொல்வது. "நீயே கொண்டு வா" என்பது ஒன்று. "கொண்டு வராமல் இருப்பேனா?" என்று திருப்பிக் கேட்பது ஒன்று. "கை வலிக்கிறது" என்பது ஒன்று. "கை வலிக்குமே" என்பது ஒன்று. "மோர் கொண்டு வருகிறேன்" என்பது ஒன்று.

கவனியுங்கள். இந்த ஐந்தில் எதைச் சொன்னாலும், தண்ணீர் வருமா வராதா என்பது கேட்டவருக்குத் தெரிந்துவிடுகிறது!

அதுதான் முக்கியம். சுற்றிச் சொல்லலாம். இனிமையாகச் சொல்லலாம். ஆனால் பதில் போய்ச் சேர வேண்டும். உதவி கேட்டவரிடம் சொல்லும் "பார்க்கலாம்" இந்த எட்டில் எதிலும் சேராது. அது பதில் போல இருக்கிறது. ஆனால் பதில் அல்ல!

சட்டம் சொல்லும் கெடு

அரசு அலுவலகங்களிலும் "பார்க்கலாம், போய் வாருங்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. 2005-ம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. "என் மனு என்ன ஆயிற்று? இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது?" என்று அந்தச் சட்டத்தின்படி யாரும் எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை.

30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து என்றால் 48 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். தகவல் தர மறுத்தால் காரணம் எழுத வேண்டும். யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் எழுத வேண்டும். தக்க காரணம் இல்லாமல் தாமதம் செய்யும் அதிகாரிக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டம் "கண்டிப்பாகக் கொடு" என்று மட்டும் சொல்லவில்லை. "கொடு, அல்லது மறு. எதுவானாலும் இத்தனை நாளுக்குள் சொல்" என்கிறது. ஆவூர் மூலங்கிழார் கேட்டதும் இதைத்தானே!

டாக்டரின் "பார்க்கலாம்"

அப்படியானால் "பார்க்கலாம்" என்ற சொல்லையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். உண்மையிலேயே யோசிக்க வேண்டிய நேரமும் உண்டு. அப்போது அந்தச் சொல்தான் நேர்மையான சொல்.

காய்ச்சலோடு போகிறோம். டாக்டர் என்ன சொல்கிறார்? "மூன்று நாளுக்கு மாத்திரை தருகிறேன். வியாழக்கிழமை வாருங்கள். காய்ச்சல் குறையாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம்" என்கிறார்.

இதிலும் "பார்க்கலாம்" இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு நாள் இருக்கிறது. என்ன செய்வோம் என்பதும் இருக்கிறது. அதனால் நாம் கலங்காமல் வீட்டுக்கு வருகிறோம்.

இதையே நாமும் பின்பற்றலாம். கடன் கேட்டவரிடம், "பார்க்கலாம் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன். நீங்கள் வேறு இடத்திலும் கேட்டு வையுங்கள்" என்று சொல்லலாம். வேலை கேட்டவரிடம், "இந்த மாதம் இடம் இல்லை. மார்கழிக்கு மேல் பார்க்கலாம்" என்று சொல்லலாம். பெண் வீட்டாரிடம், "ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியும் சொல்லிவிடுகிறோம்" என்று சொல்லலாம். சொன்னபடி சொல்லிவிட வேண்டும்.

கேட்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், சந்தோஷப்பட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. "நல்லதுங்க. நான் என்றைக்கு வந்து கேட்கட்டும்?" என்று பணிவாகக் கேட்க வேண்டும். இதில் வெட்கம் இல்லை. அந்த ஒரு கேள்வி பல நாளைக் காப்பாற்றும்.

குழந்தை கற்றுக்கொள்வது

எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

"அம்மா, எனக்கு சைக்கிள் வாங்கித் தருவியா?"

"பார்க்கலாம் கண்ணு."

முதல் முறை குழந்தை நம்புகிறது. இரண்டாம் முறையும் நம்புகிறது. நான்கைந்து முறை ஆனதும், அம்மாவின் "பார்க்கலாம்" என்றால் "கிடையாது" என்று தெரிந்துகொள்கிறது. பிறகு தரையில் புரண்டு அழுகிறது. அழுதால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்கிறது. நாளைக்கு அந்தக் குழந்தையும் பெரியவனாகி, மற்றவர்களிடம் இதே சொல்லைச் சொல்லும்.

"இப்போது பணம் இல்லை கண்ணு. பொங்கலுக்கு அப்பாவுக்குப் போனஸ் வரும். அப்போது பேசுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை கொஞ்சம் முகம் வாடும். ஆனால் அம்மா சொன்னால் அது உண்மை என்று நம்பும். அந்த நம்பிக்கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆகவே "பார்க்கலாம்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே எந்த நாள் என்பதையும் சொல்லுங்கள்!