பக்கத்துக் கட்டிலில் ஒரு துணை

தேவர்சோலைப் பகுதியிலிருந்து அரிவாள் செல் இரத்தசோகை உள்ள குழந்தையோடு வரும் பெற்றோர் பலரும் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எங்கள் குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?’ அதே கேள்வியை மனத்தில் சுமந்தபடி பக்கத்துக் கட்டிலருகே இன்னொரு தாய் அமர்ந்திருப்பார். இருவரும் ஒரு சொல்லும் பேசியிருக்கமாட்டார்கள். அவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இந்நோய் இம்மலைக்குப் புதிதன்று. இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்ட இடங்களுள் நீலகிரியும் ஒன்று. 1952ஆம் ஆண்டிலேயே இங்குள்ள பழங்குடியினரிடையே இதன் கூறு கண்டறியப்பட்டது. ஆயினும் இன்றும் பல வீடுகளில் நோய் மறைக்கப்படுகிறது. பழியோ தாயின்மீதே விழுகிறது. உண்மையில் இது தாய், தந்தை இருவழியாகவும் வரும் நோய். இருவரும் நோயின்றி அதன் கூறினை மட்டும் உடையவர்களாயின், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதனை நாங்கள் பத்து முறை விளக்குவதைக் காட்டிலும், அப்பழியைச் சுமந்து மீண்ட ஒரு தாய் ஒருமுறை சொன்னால் நெஞ்சில் பதிகிறது.

பெற்றோரின் கைகள் எவ்வளவு செய்யவல்லவை என்பதற்கு ஜமைக்கா நாடு சான்று. குழந்தையின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியுள்ளதா என்று பார்க்க அங்கே தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வீக்கத்தை வீட்டிலேயே கண்டு விரைந்து வந்ததால், அதனால் நேரும் இறப்புகள் குறைந்தன. இங்கும் செவிலியரிடம் அதனைக் கற்றுக்கொள்ளலாம். கற்றவர் மற்றவருக்குத் துணிவூட்டலாம்.

அன்றாடப் பாடங்களும் உண்டு. மழைக்காலக் குளிரில் உடலை வெதுவெதுப்பாக வைத்திருப்பது, பள்ளியிலும் அடிக்கடி நீர் அருந்தச் செய்வது, காய்ச்சல் கண்டால் காலையாகட்டும் என்று காத்திராமல் புறப்படுவது ஆகியவற்றை நாங்கள் சொல்லித்தர இயலும். ஆனால் யானை நடமாடும் பாதையில் இரவில் யாருடைய ஜீப்பை அழைப்பது, மருத்துவமனையில் தங்கும் நாட்களில் மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பவற்றுக்கு அவ்வழியே நடந்தவர்களிடமே விடை இருக்கிறது.

நட்புக்கு ஓர் எல்லையும் வேண்டும். ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தின் அளவு, குழந்தையின் எடையையும் இரத்தப் பரிசோதனையையும் பொறுத்தது. ஆகவே அனுபவத்தைப் பகிருங்கள்; மாத்திரையைப் பகிராதீர்கள். ஒருவர் நம்பிச் சொன்னதை அவர் இசைவின்றிப் பிறரிடம் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது, வரிசையில் அருகே அமர்ந்திருப்பவரிடம் குழந்தையின் பெயரைக் கேளுங்கள். பேசத் தயக்கமாயிருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள்; இரு குடும்பத்தாரும் விரும்பினால் நாங்களே அறிமுகம் செய்துவைப்போம். ‘எங்களுக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வியில் ‘மட்டும்’ என்னும் சொல்லை நீக்க எங்களிடம் மருந்தில்லை. அது உங்களிடம் இருக்கிறது.