மணல் காலி இடமா?



விடுமுறைக்கு வேம்பார் வந்திருந்த என் பேரன், பனங்காட்டு மணல் பாதையில் ஒரு ஜீப் சீறிப் பாய்வதைப் பார்த்தான். "தாத்தா, நாமும் இப்படியே கடற்கரை முழுக்க ஓட்டினால் ஜாலியாக இருக்குமே!" என்றான்.

மணலில் வண்டி ஓட்டுவது திறமைதான், மறுக்கவில்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் அது அகலமாகப் பதியும். எடை பரவுவதால் வண்டி புதையாது. ஒட்டகத்தின் அகலமான பாதமும் இப்படித்தான் உதவுகிறது.

வண்டி தப்பிவிடும்; மணலுக்குள் இருப்பவை தப்புமா?

தமிழகக் கடற்கரைகளில் ஜனவரி முதல் மார்ச் வரை, பங்குனி ஆமைகள் இரவில் கரையேறிக் குழி தோண்டி, சுமார் 100 முட்டைகள் இடும். பிறகு மணலால் மூடிவிட்டுப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும்! வண்டி ஏறினால் குழி இறுகிவிடும். தீப்பெட்டி அளவுள்ள குஞ்சுக்கு டயர் தடம் பெரிய பள்ளம். ஏற முடியாமல் அதற்குள்ளேயே அலையும்போது, காக்கையும் நாயும் கவ்விவிடும். 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படும் உயிரினம் இது.

கரையில் படரும் அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. அந்த மேடுதான் புயல் அலைக்கு முதல் தடுப்பு. கொடி அறுந்தால், காற்று மணலை வாரிக்கொண்டு போய்விடும்.

மண் போனால் திரும்புமா? வேம்பாருக்கு எதிரே உள்ள கடலைப் பாருங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986ல் 21 தீவுகளோடு அமைந்தது. அவற்றுள் இரண்டு இன்று நீருக்கடியில்! சுற்றியிருந்த பவளப்பாறைகளை மனிதர்கள் வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம்.

"அப்படியானால் மீனவர்களும் பனைத் தொழிலாளிகளும் வண்டி ஓட்டக் கூடாதா?" என்று பேரன் மடக்கினான். நல்ல கேள்வி! அவர்களுக்கு அது பிழைப்பு. பழகிய தடத்திலேயே போய் வருகிறார்கள். விளையாட்டுக்காகப் புதுத் தடம் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆகவே, இருக்கும் பாதையில் போங்கள். பாதை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கடல் வரை நடந்து போங்கள். அப்பா, மாமா மணல் மேட்டில் வண்டியை ஏற்றினால், "வேண்டாமே!" என்று அன்பாகச் சொல்லுங்கள்.

அன்று நாங்கள் நடந்தே போனோம். நண்டு வளைகளை எண்ணிக்கொண்டே வந்த பேரன், ஜீப்பை மறந்தே போனான்!

நீங்களும் நடந்து பார்ப்பீர்கள்தானே?